இலாபம் குன்றினால் கடமையும் குன்றுமோ?

பொருள் பெருகியிருக்கும்போது கொடுப்பது அரிதன்று. வருவாய் சுருங்கிய காலத்தில்தான் ஒருவருடைய கொடை கடமையா, அலங்காரமா என்பது வெளிப்படும். தனி மனிதர்க்குரிய இச்சோதனை வணிக நிறுவனங்களுக்கும் உரியதுதானா என்பதையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் இக்கொடையைக் கடமையாக்கிற்று. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர இலாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனம், மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சராசரி என்றதில் ஒரு நுட்பம் உண்டு. செழித்த ஆண்டுகளின் நிழல் வறண்ட ஆண்டிலும் விழும். ஆதலின் வணிகம் மந்தமுற்ற அன்றே பள்ளிக்கூடத்திற்கு வரும் உதவி நின்றுவிடாது. ஆயின், வறட்சியின் நிழலும் அவ்வாறே நீளும். சந்தை நிமிர்ந்த பின்னும் நலிந்த ஆண்டுகள் சராசரியைக் கீழே இழுக்கும். சராசரி நட்டமாகிவிட்டாலோ கடமையே இல்லை! ஸகாத் இலாபத்தைக் கேட்பதில்லை. ஆண்டு நிறைவில், கடன் நீங்கலாகக் கையிருப்பும் விற்பனைச் சரக்கும் நிஸாபை எட்டியிருந்தால் நாற்பதில் ஒன்று கொடுத்தாக வேண்டும்.

2020 மார்ச்சில், கொரோனா நோய்த் தடுப்புக்குச் செலவிடுவதும் இச்சட்டக் கடமையில் சேரும் என்று மத்திய அரசு அறிவித்தது. நன்றே. எனினும் குடம் ஒன்றுதான். மருத்துவமனைக்கு வார்த்தது நூலகத்திற்கு எஞ்சாது.

அவ்வாண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வந்த விளக்கமே நம் கருத்தை மிகவும் ஈர்த்தது. ஊரடங்கில் முடங்கிய தொழிலாளர்க்குத் தரும் ஊதியத்தைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுதலாமா என்ற வினாவுக்கு, கூடாது, அது முதலாளியின் தார்மிகக் கடமை என்று அரசு விடையிறுத்தது. தினக்கூலிக்காரர் பற்றியும் அதே விடைதான். கூலிக்கு மேலாக நோய்க்கால உதவி வழங்கினால் மட்டும், ஒருமுறை விலக்காக, அது கணக்கில் சேரும் என்றது.

எனில், தம் ஆலையில் ஆட்குறைப்புச் செய்துவிட்டு அடுத்த ஊரில் கிணறு வெட்டுவோரை ஈகையாளர் என்பதா? நிறுவனமே மூழ்கும் நிலையில் ஆட்குறைப்பு தவிர்க்க இயலாததாகலாம், மறுக்கவில்லை. ஆயினும் கிணற்றுக்குப் பணமிருந்தது, கூலிக்கு இல்லை என்ற சொல்லை நம்மால் ஏற்க முடியவில்லை. கிணற்றருகே பெயர்ப்பலகை நிற்கும். சம்பளப் பட்டியலில் அதற்கு இடமேது?

2021இல் மற்றொரு விதி வந்தது. ஓராண்டில் கடமைக்கு மேல் செலவிட்டவர், மிகுதியை அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் கழித்துக்கொள்ளலாம். இடர்க்காலத்தில் கையை நீட்டத் தூண்டும் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், பின்னர் கழித்துக்கொள்ளப்பட்ட அந்த ரூபாயைக் கொடை என்பதா, முன்பணம் என்பதா?