அன்னையர் என்று அழைக்குமுன்

'அரசியல் சட்டத்தின் தந்தை யார்?' என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பலமுறை விடை எழுதியிருக்கிறேன். அரசியல் நிர்ணய சபையில் 15 பெண்கள் இருந்ததை நாற்பது வயதில்தான் அறிந்தேன். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் அவர்களில் மூவர். தாட்சாயணி அச்சபையின் ஒரே தலித் பெண்.

கோபம் வந்தது. இவர்களை 'தேசத்தின் அன்னையர்' என்று அழைத்துச் சிலை வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு அவர்களுடைய உரைகளைப் படித்தேன். பெண்கள் இடஒதுக்கீடு கேட்டதில்லை, கேட்பது சமூக, பொருளாதார, அரசியல் நீதியையே என்கிறார் ஹன்சா மேத்தா, 1946 டிசம்பரில். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கான சட்டம் நிறைவேறவே 2023 ஆகிவிட்டதே!

அவரோடு மனதுக்குள் வாதாடத் தொடங்கிய பிறகுதான் அவர் எனக்கு உயிருள்ள மனுஷியானார். தந்தை, தாய் என்று சொன்னதும் நாம் பிள்ளைகளாகிவிடுகிறோம். பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று பெண்பிள்ளைகளைத்தானே வீடுகள் அதிகம் அடக்குகின்றன? அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் முடியும் என்று 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கரே அச்சபையில் எச்சரித்தார்.

சிலைகள் வரட்டும். அதற்கு முன் ஹன்சாவின் உரை வகுப்பறைக்கு வரட்டும். மாணவிகள் அதைப் படித்து, எழுந்து நின்று மறுத்துப் பேசட்டும்.