அம்மாவின் குடமும் பற்றற்ற கிழக்கும்

போன மாசம் கள்ளக்குறிச்சியில் ஒரு கூட்டம். பேச வந்த பெரியவர் கல்வராயன் மலைக்குப் போய்வந்த கதையைச் சொன்னார். "ஒரு வீட்டுக்குள்ள போனேன். நாலு சட்டி, ஒரு பாய், அவ்வளவுதான். முகத்துல அப்படி ஒரு நிம்மதி. மேற்கத்தியானுக்குப் பொருள்தான் தெய்வம். நம்ம கீழை மரபு பொருளைத் தொட்டும் தொடாமலும் வாழச் சொல்லுது." கைதட்டினார்கள். நானும் பாதி தட்டிவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் ஏன் நாலே சட்டி? கல்வராயன் மலை 1976 வரைக்கும் மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடிகள் தாங்கள் உழுத மண்ணுக்கு வரியும் கட்டி, ஜாகீருக்குக் கூலியில்லா வேலையும் செய்தார்கள். விளைந்தது வீடு வந்து சேராதபோது சட்டி எங்கிருந்து சேரும்? ஒருவர் விட்டதையும் ஒருவரிடமிருந்து பிடுங்கியதையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடலாமா?

கீழை மரபு பேசுகிறவர்கள் மனுவை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்நூலின் 10ஆம் அத்தியாயம் பொருளை மறக்கவே இல்லை. யாரிடம் எது இருக்கலாம் என்று எண்ணி வைக்கிறது. சண்டாளனுக்குச் சொத்து நாயும் கழுதையும். தின்ன உடைந்த பாத்திரம். நகையென்றால் இரும்பு. சூத்திரனோ, முடிந்தாலும் செல்வம் சேர்க்கக் கூடாது. நம் கைப்பொருள்மேல் இவர்களுக்குத்தான் எவ்வளவு பற்று!

ஏட்டோடு நின்றதா? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதிக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட எட்டுத் தடைகளை ஹட்டன் பதிந்திருக்கிறார். தங்கம் வெள்ளி போடாதே, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்காதே, குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே. 1935இல் அகமதாபாத் மாவட்டம் ஜானு கிராமத்தில் நம் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காக அடிபட்டதை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் சொல்கிறார். 1995 ஆகஸ்டு 31 கொடியங்குளத்தில் புகுந்த போலீஸ், வெளிநாட்டில் உழைத்த காசில் வாங்கிய டி.வி.யையும் ஃபேனையும் தையல் மிஷினையும் அடித்து நொறுக்கியது. 2012 நவம்பர் 7 தர்மபுரி நத்தம் காலனியில் பீரோவை உடைத்து எடுத்ததுபோக மிச்சத்தைக் கொளுத்தினார்கள். திருட வந்தவன் டி.வி.யை உடைக்கமாட்டான், தூக்கிக்கொண்டு போவான். உடைக்கிறவனுக்கு டி.வி. வேண்டாம். அது நம்ம வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கம்மா பண்ணை வீட்டில் கொட்டாங்குச்சியில் குடித்தவள். அந்தக் கொட்டாங்குச்சிகூட அவளுடையது இல்லை, கொல்லைக் கூரையில் செருகிக் கிடக்கும். சீட்டுக் கட்டி ஒரு பித்தளைக் குடம் வாங்கினாள். கடையிலேயே பேர் வெட்டிக் கொண்டுவந்தாள். எங்க வீட்டில் அவள் பேர் எழுதியிருந்த ஒரே இடம் அதுதான். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பாள். எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நான், நாலு புத்தகம் படித்த திமிரில் கேட்டேன்: "ஒரு கொடத்து மேல இவ்ளோ ஆசையாம்மா?"

"நீ படிச்சவன், சொல்லுவ" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் பரீட்சைக்குப் பணம் கட்ட அந்தக் குடம்தான் அடகுக்குப் போனது. வட்டி ஏறி மூழ்கியும் போச்சு. நான் அந்தப் பணத்தில் பரீட்சை எழுதினேன். துறவைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. நாலு பக்கம் எழுதினேன்.

பௌத்தத்தைக் காட்டி மடக்கப் பார்க்கிற தோழர்களும் உண்டு. பிக்கு எட்டுப் பொருள்கள் வைத்துக்கொள்ளலாம் என்பதை அம்பேத்கரே 'புத்தரா கார்ல் மார்க்சா'வில் பட்டியல் போடுகிறார். மூன்று துணி, இடைக்கச்சை, பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. இல்லறத்தானிடம் அதைக் கேட்கவில்லை. பிக்குவாவது தானாக வந்தவன், அவன் பாத்திரம் அவன் கையில் இருந்தது.

இன்றைக்கு நம் தெருவில் தவணைக்காரன் வாசலில் நிற்பதையும் பேசத்தான் வேண்டும். ஆனால் அதை நாம் பேசிக்கொள்வோம், அந்த மேடை பேச வேண்டாம்.

அடுத்த முறை வெள்ளிமலை போகும்போது நானும் வருகிறேன் என்று பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வீட்டம்மாவிடம் அவர் கேட்காத ஒன்றைக் கேட்கணும்: "அஞ்சாவதா என்ன வாங்கலாம்னு இருக்கீங்கம்மா?"