பெற்றோர் தம்மைப் பேணுதல் தன்னலமாமோ?

கொடும் பிணியுற்ற மகவின் அருகிருக்கும் தாய், ஒருவேளை வயிறார உண்ணினும் ஓரிரவு கண்ணயரினும் அதனைக் குற்றமெனக் கருதி மனம் புழுங்குவள். ஊராரும், தன்னை மறந்தவளே தாயென்று புகழ்ந்து அப்புழுக்கத்தை வளர்ப்பர். பெற்றோர் தம் மனத்தைப் பேணுதல் தன்னலமோ, கடமையோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

குழந்தைகட்கு வரும் இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வாம். முன்னாளில் இந்நோய் கண்ட குழந்தை பெரும்பாலும் சில மாதங்களுள் இறந்துபடும். 1948ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரத்து வைத்தியர் சிட்னி பார்பர் அதனைச் சிலகாலந் தணிக்கும் மருந்தொன்றின் பயனை வெளியிட்டார். பின்னர், நம் நந்தவனங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்ரின் முதலிய மருந்துகளும் சேர்ந்தன. இன்று செல்வ நாடுகளில், இந்நோயின் மிகப் பரவலான வகையுற்ற குழந்தைகளுட் பதின்மரில் ஒன்பதின்மர் வரை பிழைக்கின்றனர். ஆயினும் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். வெள்ளணுக்கள் குறைந்துள்ளபோது காய்ச்சலொன்றே உயிர்க்கு இடராகலின், நள்ளிரவிலும் வைத்தியசாலைக்கு விரையவேண்டும்.

இதனாற் பெறப்படுவது யாது? சின்னாட் போராயின் ஊணும் உறக்கமுந் துறந்து நிற்றல் கூடும். ஆண்டுக்கணக்கான காவற்கு அது பொருந்தாது. உறங்காத கண் மருந்தைப் பிழைபட அளக்கும். கலங்கிய மனம் வைத்தியர் சொல்லிற் பாதியையே கேட்கும். ஆகவே, பெற்றோரின் மனநலமும் மகவின் மருந்துகளுள் ஒன்றென்றே கொள்ளற்பாலது.

அற்றேல், மகவின் பொருட்டு மாத்திரமோ அவர் பேணப்படல் வேண்டுமெனின், அன்று. அவரும் உயிர்களே. சிகிச்சை பயனளியாதொழியினும் அவர் வாழவேண்டியவர். மற்றைப் பிள்ளைகட்கும் அவரே பெற்றோர்.

2005ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றிலே, புற்றுநோய் புதிதாகக் காணப்பட்ட குழந்தைகளின் தாய்மார்க்கு எட்டு அமர்வுகளில் ஒரு பயிற்சி அளிக்கப்பட்டது. இடர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறிதல், தீர்க்கும் வழிகளை எண்ணுதல், ஒன்றைத் தெரிந்து செய்தல், அதன் பயனை நோக்குதல் என்பனவே அப்பயிற்சி. அதனைப் பயின்றாரிடத்து மனச்சோர்வு குறைந்தது. மலைபோற் றோன்றும் துயரையும் கையாலெடுக்கத்தக்க கற்களாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது இதனாற் புலனாம்.

இனி, முன்வினைப் பயனென்று தாயின் முகத்துக்கு நேரே கூறுவாரும் உளர். வினைக்கொள்கை ஒருவர் தந்துயரைத் தாங்குதற்கு ஊன்றுகோலேயன்றிப் பிறரை அடித்தற்குரிய கோலன்று. இந்நோய் பெரும்பாலாரிடத்து இன்ன காரணத்தான் வந்ததென அறியப்படுவதில்லை, ஒட்டுநோயுமன்று. நொந்த நெஞ்சின்மேற் பழியையும் ஏற்றுதல் அறமாகாது.

ஆசிரிய அன்பர்காள்! தொலைவிலுள்ள ஊரொன்றிலிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயுற்ற பிள்ளையோடு தாய் செல்வாளாயின், அதன் உடன்பிறந்தார் நம் வகுப்பிலே வாடிய முகத்தோடு இருப்பர். அவர் விட்ட பாடத்தைக் கற்பித்தலும், பசியறிந்து உணவளித்தலும் தாயின் நெஞ்சுக்கே செய்யும் மருத்துவமாம். “என்ன உதவி வேண்டும்?” எனப் பொதுப்பட வினவுதலினும், “செவ்வாய்க்கிழமை மாலை பிள்ளைகளை நாம் பார்த்துக்கொள்வோம்” எனக் குறித்துரைத்தல் நன்று, சோர்ந்தவர்க்கு உதவி கேட்டலும் ஒரு சுமையன்றோ? தந்தையும் மறக்கற்பாலரல்லர், அழாதிருத்தலாற் றுயரிலரென்று எண்ணற்க. உறக்கம் முற்றுங் கெடினும், உயிர்வாழ்தலில் வெறுப்புத் தோன்றினும், காலந்தாழாது வைத்தியரிடம் அழைத்துச் செல்க. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னுந் தொலைபேசி இலக்கத்தையும் அறிவிக்க.

தன்னலமாவது பிறர்க்குரியதைத் தனக்கெனக் கொள்வது. பெற்றோர் கொள்ளும் சிறிது உறக்கமோ, நாளை அம்மகவின் அருகிருத்தற்கே வேண்டப்படுவது. அதனை அவர் நாணாது பெறுமாறு இடஞ்செய்து கொடுத்தல் நம் கடனாம்.