மணலுக்குள் கிடக்கும் உயிர்கள்



இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்துரைத்தனர். கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல், நீர் இறைத்தல் முதலிய வீட்டுச் செயல்களில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை முற்றும் விலக்குக என்றும், ஏனைய மூன்றை இயன்றவரை குறைத்துக்கொள்க என்றும் விதித்தனர். இந்த ‘இயன்றவரை’ என்னும் சொல்லுக்குள்தான் நம்மில் பலர் ஒளிந்து கொள்கிறோம். சங்கல்பி ஹிம்சை நம் இல்லங்களில் இல்லை என்று மகிழ்கிறோம், மகிழத்தக்கதே. ஆரம்பி ஹிம்சையை எவ்வளவு குறைத்தோம் என்று கேட்டால், ‘கண்ணுக்குத் தெரியாததை என்ன செய்வது?’ என்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாததையும் அறிய முயன்ற சிலரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர்கள் அமெரிக்க நாட்டின் தென் கலிபோர்னியாக் கடற்கரையில் வாழ்பவர்கள். நம் ஆகமங்களைக் கற்று இச்செயலில் இறங்கியவர் அல்லர்.

அக்கடலில் கிரனியன் என்றொரு சிறு மீன் உண்டு. ஒரு சாண் நீளமும் இராது. வெள்ளித் தகடு போல் மின்னும். மற்ற மீன்கள் நீரிலே கருவிட, இதுவோ கரையேறி மணலில் முட்டையிடுகிறது. நாம் அட்டமி, சதுர்த்தசி நோன்புக்குத் திதி பார்ப்பது போல, இம்மீனும் திதி தவறுவதில்லை. மார்ச் முதல் ஆகஸ்டு வரை, பௌர்ணமியும் அமாவாசையும் கழிந்த மூன்று நான்கு இரவுகளில், கடல் முழுதும் ஏறி வடியத் தொடங்கும் நேரத்தில் அலையோடு கரைக்கு வருகிறது. பெண் மீன் வாலை ஊன்றி, உடலைச் சுழற்றி, ஈர மணலுக்குள் பாதியளவு புதைந்து நிற்கும். ஆண் மீன்கள் அதனைச் சுற்றி வளைந்து கிடக்கும். ஒரு தடவையில் 1,600 முதல் 3,600 முட்டைகள் வரை மணலுக்குள் இட்டுவிட்டு, அடுத்து வரும் அலையில் பெண் மீன் கடலுக்குத் திரும்பிவிடும். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடக் கூடியது.

பின்னர் நிகழ்வதே வியப்பு. நாளுக்கு நாள் கடலேற்றம் குறைவதால், முட்டைகள் அலை படாத ஈர மணலில் தங்குகின்றன. ஏறத்தாழப் பத்து நாள்களில் குஞ்சுகள் முதிர்ந்துவிடும், ஆயினும் வெளிவாரா. அடுத்த பருவக் கடலேற்றத்தின் அலை வந்து மணலைக் கலக்கினால்தான், அந்த அசைவை உணர்ந்து நிமிடக் கணக்கில் பொரிந்து நீரோடு செல்லும். அவ்வலை எட்டாது போயின் இன்னும் சில வாரங்கள் உயிரோடு காத்திருக்கவும் வல்லவை. இத்தனை நாளும் மேலே நடப்பவர்க்கு அது வெறும் மணல்.

அம்மணலைத் தூய்மை செய்வதற்கென நகராட்சிகள் கனமான இயந்திரங்களை ஓட்டின. ஒதுங்கிய கடற்பாசியையும் குப்பையையும் இரும்புப் பற்களால் வாரினர். மக்கள் வந்து அமரும் இடம் தூய்மையாக இருக்க வேண்டும் என்பது நல்லெண்ணமே. எவரும் கொல்ல நினைக்கவில்லை. ஆனால் அப்பற்கள் மணலைக் கிளறிய இடத்திலேயே முட்டைகளும் கிடந்தன. துடைப்பம் பெரிதாகி இயந்திரமானதே தவிர, இது நாம் நன்கறிந்த ஆரம்பி ஹிம்சைதான்.

2002-ஆம் ஆண்டில் சான் டியாகோ நகரில், பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியை கேரன் மார்ட்டின் அம்மையார் முன்னின்று, பொதுமக்களைக் கண்காணிப்புக்கு அழைத்தார். ‘கிரனியன் கிரீட்டர்ஸ்’, அதாவது கிரனியனை வரவேற்போர் என்று அவர்களுக்குப் பெயர். வரவேற்பு என்றால் ஆரவாரம் அன்று. மீன் வருமென்று கணித்த இரவுகளில், குறித்த கடற்கரையில், விளக்கைத் தவிர்த்து அமைதியாகக் காத்திருக்க வேண்டும். மீனைத் தொடலாகாது. எங்கே வந்தன, எவ்வளவு நேரம் இருந்தன, எத்தனை இருக்கும் என்று குறித்தனுப்ப வேண்டும். சுழியம் முதல் ஐந்து வரை ஓர் அளவுகோல். முன்னாளில் இம்மீனை ஆராய்ந்த வாக்கர் என்பவரின் பெயரால் வழங்குகிறது. கரை முழுதும் வெள்ளியாய்ப் பரவிக் கிடந்தால் ஐந்து.

இரவில் மணலில் நடமாடுவது தகுமோ என்று நம் பெரியோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான்கு முழ தூரம் நோக்கி, பகலொளியில் மட்டுமே நடப்பவர் நம் முனிவர். அந்த நெறியை இவர்கள் மீது சுமத்த முடியாது. ஆயினும் உயிர் எங்குள்ளது என்று முதலில் நோக்கி அறிதல் என்னும் அளவில், இவர்களது காத்திருப்பும் ஈர்யா சமிதியின் திசையிலேயே உள்ளது என்று நாம் கருதுகிறோம்.

அவர்கள் குறித்தனுப்பியவை வீண் போகவில்லை. எந்தக் கரையில், எக்கோட்டின் கீழ்க் கரு உள்ளது என்பது தெரிந்தபின், மீன் வரும் மாதங்களில் உயர் அலைக் கோட்டுக்குக் கீழே இயந்திரம் இறங்காதவாறு முறை மாற்றப்பட்டது. தூய்மைப் பணி நிற்கவில்லை. சற்று மேலே நகர்ந்தது, அவ்வளவே. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சையை விளக்குமிடத்து, பிரமாதம் என்னும் கவனமின்மையை முன்வைத்தே விளக்குகிறார். அந்தக் கவனமின்மைதான் அங்கே நீங்கியது.

சங்கல்பி ஹிம்சை அங்கு நீங்கிற்றா? இல்லை. கரையேறிய மீனை வெறுங்கையால் பிடிப்பது அந்நாட்டில் நெடுநாளைய பொழுதுபோக்கு. 1927-இல் சட்டம் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் பிடிப்பதைத் தடுத்தது. 1947-இல் தடை இரு மாதமாகக் குறைக்கப்பட்டது. தொண்டர்களின் பல்லாண்டுப் பதிவுகளில் மீன் வரவு மெலிந்து வருவது புலப்பட்ட பின், 2022-இல் ஜூன் மாதமும் மீண்டும் தடையுள் வந்தது. ஏனைய மாதங்களில் ஒருவர் 30 மீனுக்கு மேல் எடுக்கலாகாது என்றும் வரம்பு கட்டினர். முன்பு அவ்வரம்பும் இல்லை. முப்பது உயிரைக் கொல்ல இசைவளிக்கும் சட்டத்தை நாம் அகிம்சை என்று போற்ற இயலாது. மீன் ஐம்பொறியும் உடைய உயிர்; எண்ணிக்கை குறைந்ததனால் கொலை அறமாகிவிடாது. எனினும் மழைக்காலத்தில் புதிதாய்ப் பிறக்கும் உயிர்களுக்கு அஞ்சி நான்கு மாதம் ஓரிடத்தே தங்கும் துறவியரை வணங்கும் நமக்கு, கருவிடும் காலத்தில் கையை மடக்கிக்கொள்ளச் சொல்லும் சட்டத்தின் பொருள் விளங்கும்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து நம் குடும்பங்களுக்கு அலைக்கோடு இல்லை. களமும், கிணற்றடியும், தானியக் குதிரும் உள்ளன. எந்த மாதத்தில் எவ்விடத்தில் உயிர்கள் பெருகுகின்றன என்று நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். நீரை வடிகட்டிய துணியைக்கூட, உயிர்கள் பிழைக்கும்படி நீர் எடுத்த இடத்திலேயே அலசினர். அவர்கள் அறிந்திருந்ததில் எவ்வளவு நமக்குத் தெரியும் என்று இம்முறை வீட்டில் அமர்ந்து பேசிப் பார்க்க வேண்டுகிறோம்.

கலிபோர்னியத் தொண்டர்களுக்குப் பல இரவுகளில் ஒரு மீனும் காட்சி தருவதில்லை. இரண்டு மணி நேரம் குளிரில் நின்றுவிட்டு, வீடு திரும்புமுன் படிவத்தில் சுழியம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சுழியங்களும் கணக்கில் சேர்கின்றன.