வாடகையும் வழிப்பொழுதும்

கொழும்பிலே தொழில் கிடைக்கப்பெற்ற ஒருவர் முதலில் எதிர்நோக்கும் வினா, எங்கே குடியிருப்பது என்பதாகும். கோட்டைக்கு அணித்தான பகுதிகளில் வாடகை அதிகம். தூரம் செல்லச் செல்ல வாடகை குறையும், பயணம் நீளும். இவ்விரண்டுக்குமிடையே ஓர் இணக்கத்தைக் கண்டுகொள்வதே விவேகம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. கணக்கு என்ற அளவில் இதிற் பிழையில்லை. ஆயின், ஒரு குடும்பத்தின் வாடகை யாருடைய பொழுதைக்கொண்டு செலுத்தப்படுகின்றது என்ற கேள்வி இக்கணக்கினுள் எங்கும் எழுவதில்லை. அக்கேள்வி ஒழுக்கவியலைச் சார்ந்தது.

பொருளியலாளர் இவ்விடயத்தை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். நகரொன்றைச் சூழவுள்ள நிலத்தின் பயன், சந்தையிலிருந்து அந்நிலம் உள்ள தூரத்தைப் பொறுத்து எவ்வாறு மாறும் என்பதை வொன் தூனன் 1826இல் எழுதினார். அவர் கருத்திற் கொண்டது பயிர்களை. வில்லியம் அலொன்சோ 1964இல் அதே நியாயத்தைக் குடியிருப்போருக்கு விரித்துரைத்தார். நகர மையத்திற்கு நாள்தோறும் செல்லும் ஒருவர், அதிக இடவசதியையும் குறைந்த பயணத்தையும் ஒன்றோடொன்று ஈடுவைத்து, தமக்கு உகந்த புள்ளியைத் தெரிவு செய்கின்றார் என்பது அவரது கோட்பாட்டின் சாரம். அதில் வரும் குடும்பத்துக்கு ஒரே விருப்பம், ஒரே வரவுசெலவு, ஒரே பயணம். வீட்டில் எத்தனை பேர் உள்ளனர் என்பது அங்கு பொருட்டன்று. பயிர்களுக்குப் பொருந்திய எளிமை மனிதருக்கும் அப்படியே பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது.

கொழும்பைப் பொறுத்தவரையில் இந்தத் தெரிவு போக்குவரத்தின் வரலாற்றோடு பிணைந்ததாகும். 1899இல் ஓடத்தொடங்கிய மின்சார ட்ராம் வண்டிகள் 1960இல் நிறுத்தப்பட்டன. அவை எட்டிய எல்லை சிறியது. ஆனால் கரையோரப் புகையிரதப்பாதை 1895இலேயே மாத்தறை வரை சென்றுவிட்டது. கடலோரமாக அப்பாதையும் அதற்கு அணித்தாகக் காலி வீதியும் செல்வதால், பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, மொறட்டுவை, பாணந்துறை என ஒரு நீண்ட வரிசை கோட்டையை நோக்கிக் காலையிற் புறப்படுகின்றது. பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்க பஸ் வண்டி வெள்ளவத்தையைக் கடந்தே புறக்கோட்டையை அடைகின்றது. முன்னவர் இருக்கை பிடித்து உறங்கிவர, பின்னவர் மிதிபலகையிலே தொங்கிச் செல்லும் காட்சியும் உண்டு. தூரம் எப்போதும் தீமையே என்று சொல்லிவிட இயலாது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிக் கோட்டையிலுள்ள ஒரு திணைக்களத்துக்கு வரும் எழுதுவினைஞர், அவர் மனைவி, விதவையான தாயார், அடுத்த ஆண்டு பாடசாலையிற் சேரவேண்டிய மகள். இவர்கள் முன் இரண்டு வீடுகள் உள்ளன. ஒன்று வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டின் இரண்டு அறைகள். மற்றையது பாணந்துறையில் முற்றமும் கிணறும் உள்ள தனிவீடு. வாடகை முன்னதிற் பாதி. பாணந்துறையைத் தெரிவு செய்தால் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கூடுதலாக வழியிற் கழியும். ஆண்டில் 240 வேலைநாட்கள் எனக் கொண்டால் அது 480 மணித்தியாலம். உறங்கும் நேரம் நீக்கி நாளுக்கு 16 மணித்தியாலம் என்று பார்த்தால், ஆண்டுதோறும் 30 நாட்கள். மிச்சமாகும் வாடகை இந்த 30 நாட்களுக்கு ஈடாகுமா என்று அவர் கணக்கிடுவார். ஆகும் என்ற முடிவுக்கும் வரலாம்.

ஒரு பொருளின் உண்மை விலை, அதனைப் பெறுதற்குக் கொடுக்கப்படும் வாழ்நாளின் அளவே என்ற கருத்தை தோரோ 1854இல் வெளியான தமது 'வால்டன்' நூலில் வலியுறுத்தினார். முப்பது மைல் தொலைவிலுள்ள ஊருக்குப் புகையிரதக் கட்டணம் தொண்ணூறு சதம். அது ஏறத்தாழ ஒரு நாட்கூலி. ஆகவே கட்டணத்தை உழைத்தபின் வண்டியேறுபவனைவிட, இப்போதே நடக்கத் தொடங்குபவன் முந்திச் சேர்வான் என்பது அவர் வாதம். எழுதுவினைஞரின் கணக்குக்கு இது நல்ல மறுப்பாகத் தோன்றும். ஆயினும் தோரோ மணம் செய்யாதவர். தம் நண்பர் எமர்சனின் நிலத்திலே குடிலமைத்து வாழ்ந்தவர். வாடகை கொடுத்தவரும் அல்லர். அவர் மாற்றிக்கொண்ட வாழ்நாள் அவருடையது மட்டுமே. குடும்பத்தோடு வீடு தேடுபவருக்கு அந்த வசதி கிடையாது.

பாணந்துறை வீட்டிலிருந்து காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட வேண்டுமாயின் நான்கு மணிக்கு அடுப்பு மூட்டப்பட வேண்டும். மதியச் சோறு பொதியாகக் கட்டப்பட வேண்டும். மனைவி எவ்விடத்துக்கும் பயணஞ் செய்வதில்லை. ஆதலால் அவர் இழந்த உறக்கம் எந்தப் பயணக் கணக்கிலும் பதியப்படுவதில்லை. மகள் தமிழ்மொழிமூலம் கற்கப் பம்பலப்பிட்டிப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலைக்கே வரவேண்டும் எனப் பெற்றோர் விரும்பினால், ஐந்து வயதிலேயே அவளும் அந்தப் புகையிரதத்தில் ஏறவேண்டியவளாவாள். முதலாம் தரச் சேர்க்கையில் அண்மையில் வசிப்போருக்குரிய வாய்ப்பும் அவளுக்கு இல்லாதுபோகும். தாயாரின் நிலை இன்னும் நுண்மையானது. வெள்ளவத்தையிலாயின் மாலையிற் கோயிலுக்கு அவர் தனியே நடந்து செல்வார், கடையிலே தமிழிற் பேசி மரக்கறி வாங்குவார், ஊரவர் எவரையாவது காண்பார். பாணந்துறையில் அவருடைய வெளியுலகம் மகனின் ஞாயிற்றுக்கிழமையைச் சார்ந்ததாகிவிடும். முற்றமுள்ள வீட்டில் அம்மா சுகமாக இருப்பார் என்று மகன் நம்புகின்றார். அம்முற்றத்தைப் பகலிற் பார்க்க அவர் அங்கு இருக்கப்போவதில்லை.

தியாகம் என்ற சொல் இவ்விடத்திற் குழப்பத்தை விளைவிக்கின்றது. "பயணக் கஷ்டம் எனக்குத்தானே" என்று குடும்பத் தலைவர் கூறும்போது அவர் பொய் சொல்லவில்லை. எனினும் தாம் சுமக்கும் பாரத்தைக் காட்டி, பிறர் சுமக்கும் பாரங்களைப் பேச்சிலிருந்து அவர் அகற்றிவிடுகின்றார். எந்த மனிதனும் பிறிதொன்றுக்கு வெறும் கருவியாகக் கொள்ளப்படலாகாது என்று கான்ற் கூறிய நியதி அரசுகளுக்கும் முதலாளிகளுக்கும் எதிராக அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. அது சமையலறைக்குள்ளும் செல்லுபடியாகும்.

இதனால் வெள்ளவத்தையே சரியான விடை என்று கொள்வதும் அவசரமாகும். இரட்டிப்பு வாடகை கொடுக்கப்படின், ஊரில் உள்ள தம்பியின் படிப்புக்கு மாதந்தோறும் அனுப்பப்படும் தொகை குறையலாம். அவனும் இவ்வீட்டைச் சேர்ந்தவனே. இரண்டு அறைகளுக்குள் வளரும் குழந்தைக்கு ஓடியாட நிலமில்லை. முற்பணமாகக் கேட்கப்படும் பெருந்தொகைக்காக நகை அடகுக்குப் போகுமாயின், அந்நகை யாருடையது என்பதும் பேசப்படவேண்டியதே.

தமிழர் தமிழர் நடுவே வீடு தேடுவதைப் பொருளியலாளர் 'விருப்பம்' என்ற தலைப்பினுள் அடக்கிவிடுவர். அது சுவை சார்ந்த விருப்பம் போலத் தோன்றினும், அதன் பின்னால் 1983 ஜூலை நிற்கின்றது. அதேவேளை, அன்று வெள்ளவத்தையிலேயே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன என்பதும், சிங்கள அயலவர் பலர் தமிழரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்தனர் என்பதும் மறக்கத்தக்கனவல்ல. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டபோதும், உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடை விதிக்கும் முன்னர், வெள்ளவத்தை என்ற முகவரி அவர்களைக் காக்கவில்லை. எனவே பாதுகாப்புக்காக அதிக வாடகை கொடுக்கப்படுகின்றது என்ற வாதம் அரைகுறையானது. தாயார் தம் மொழியில் ஒருவரை நலம் விசாரிக்கக்கூடியதாயிருத்தல் என்பதோ அதைவிடச் சிறிய நன்மை. ஆனால் நாள்தோறும் கிடைப்பது.

நீண்ட பயணஞ் செய்வோரிடையே வாழ்க்கைத் திருப்தி குறைவாக உள்ளதென்றும், மலிவான வாடகையோ கூடிய ஊதியமோ அக்குறையை முற்றாக நிரப்புவதில்லை என்றும் ஜெர்மனியத் தரவுகளைக் கொண்டு ஸ்ருற்சர், பிறே என்னும் இருவர் 2008இல் எழுதினர். அதற்கான காரணத்தைத் தொலைவிற் தேடவேண்டியதில்லை. வீடு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையிற் பார்க்கப்படுகின்றது. வழியோ திங்கட்கிழமையில் நடக்கப்படுகின்றது. முற்றம் கண்ணுக்குத் தெரிவது போலச் சனநெருக்கடி தெரிவதில்லை. அத்தோடு தூரம் நிலையான பொருளும் அன்று. 2022இல் எரிபொருள் அருகி, பஸ்கள் குறைந்து, கட்டணம் ஏறியபோது, முன்னாண்டுகளில் மலிவு என்று எடுக்கப்பட்ட வீடுகள் சில கிழமைகளுக்குள் மலிவாக இல்லாதொழிந்தன. கணக்கு மாறியதேயன்றி வீடு மாறவில்லை. பாடசாலையும் வாடகை உடன்படிக்கையும் குடும்பத்தை அங்கேயே கட்டி வைத்திருந்தன.

வீடு பார்க்கச் செல்லும்போது தாயாரையும் அழைத்துச் செல்லும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அங்கு அவர் கேட்கும் கேள்விகள் மகன் கேட்பவற்றிலிருந்து வேறானவை. கோயில் எவ்வளவு தூரம், பக்கத்து வீட்டில் யார் இருக்கின்றார்கள், படியிறங்காமல் வெயிலில் ஏதேனும் உலர்த்த இடமுண்டா என்பன அவற்றுட் சில. வீட்டுத் தரகர் அவற்றுக்கு அவசரமாக விடை கூறிவிட்டு, வாடகையையும் முற்பணத்தையும் பற்றி மகனிடம் திரும்புவார். உடன்படிக்கை வழக்கமாக ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ எழுதப்படுகின்றது. கையொப்பத்துக்குரிய இடம் அதில் உழைப்பவர் ஒருவருக்கே விடப்பட்டிருக்கும். ஆண்டு முடிவில் அது புதுப்பிக்கப்படும்போதும் பெரும்பாலும் அவரிடமே கேட்கப்படுகின்றது.