பதிவேட்டில் தெரியாத புரிதல்
1987இல் வெளியான 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' ஆவணப்படத்தில், ஹார்வர்டில் பட்டம் பெறும் நாளன்று சிலரிடம் பருவங்கள் மாறுவது ஏன் என்று கேட்டார்கள். பூமி சூரியனை நெருங்குவதால்தான் கோடை என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். பூமி மிக நெருங்குவதோ ஜனவரியில். ஹார்வர்டில் அப்போது கடுங்குளிர். பருவத்துக்குக் காரணம் அச்சின் சாய்வு. பழைய எண்ணம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்க, மாணவரின் வானியல் ஆய்வகப் பதிவேட்டை மட்டும் திருத்தி மதிப்பெண் போடுவது போதாது. அளவீடும் வரைபடமும் கற்றல்தானே என்பார்கள். உண்மை, அதற்கும் மதிப்பெண் வேண்டும். ஆனால் சொன்னபடி அளந்த கை, காரணம் புரிந்த மனத்துக்குச் சான்றாகாது. ஆய்வகப் பயிற்சிக்கு முன்பும் பின்பும் காரணத்தை எழுதச் சொல்லி ஒப்பிட வேண்டும். முன்தேர்வே விடையை மனப்பாடம் செய்ய வைக்காதா? பின்தேர்வில் ஆஸ்திரேலியாவுக்கு டிசம்பரில் ஏன் கோடை என்று கேட்டால், சாய்வைப் புரிந்துகொண்டவரால்தான் விளக்க முடியும்.