சந்தேகத்தின் செலவு

நாய் ஜொள்ளு விடுவதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாவ்லோவ் யோசித்தார். செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு வாங்கியவர். சோறு வரப்போகிறது என்ற அறிகுறிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று அளந்து காட்டினார். என் கேள்வி, சோறே இல்லாதபோது வடியும் எச்சிலைப் பற்றியது.

ராத்திரி பதினோரு மணிக்குத் திடீரென்று வாயோரம் நுரை தள்ளுகிறது. தேரையைக் கவ்வியிருக்கலாம், அதன் தோலில் நஞ்சு உண்டு. பல்லிடுக்கில் எலும்பு சிக்கியிருக்கலாம். பூனையென்றால், நாய்க்கான உண்ணி மருந்திலுள்ள பெர்மெத்ரின் பட்டிருக்கலாம். வெறும் கசப்பு மாத்திரையாகவும் இருக்கலாம். அது சொல்லாது. "காலையில பாத்துக்கலாம்" என்று நாம் சொல்லிவிடுவோம்.

அந்த "பாத்துக்கலாம்" மீதுதான் எனக்குச் சந்தேகம். சர்வர் அலாரம் எப்போது அடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் தொழிலில் அன்றாட வேலை. வீணாக அடிப்பது ஒரு பிழை, அடிக்காமல் விடுவது இன்னொன்று. அங்கே இரண்டின் நஷ்டமும் பெரும்பாலும் ஒரே கம்பெனிக்கு. இங்கே அப்படி இல்லை. வீணாக ஓடினால் தூக்கமும் ஆட்டோ காசும் போகும், அவை என்னுடையவை. ஓடாமல் விட்டால் போகிற உயிர் அதனுடையது. 'நிச்சயமாத் தெரியட்டும்' என்பது நிதானம் மாதிரி இருக்கும். ஆனால் என் சந்தேகத்தின் செலவை அதன் கணக்கில்தான் எழுதுகிறேன்.

அதற்காக ஒவ்வொரு துளிக்கும் பதற வேண்டியதில்லை. உதடு தொங்கும் இனங்களுக்கு அது வழக்கம். கார் பயணத்தில் பல நாய்களுக்குக் குமட்டும். வழக்கம் எதுவென்று தெரிந்துவைத்திருப்பதே வளர்ப்பவரின் முதல் கடமை. வழக்கத்தை மீறிய எச்சிலோடு மூச்சுத்திணறல், நடுக்கம், தள்ளாட்டம், வெளிறிய ஈறு, வயிறு உப்பி ஒன்றும் வெளிவராத ஓங்கரிப்பு, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே டாக்டரிடம் கிளம்ப வேண்டும். சாப்பாட்டை ஒதுக்கினால், வாயைக் காலால் பிராண்டினால் அன்றைக்குள் காட்ட வேண்டும்.

வெறிநோயிலும் எச்சில் வடியும். விழுங்கும் தசைகள் செயலிழப்பதால். தடுப்பூசி போடாத, குணம் மாறிய நாயின் வாய்க்குள் பாசத்தில் கைவிடக் கூடாது. அதைத் தனியாக அடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுவதும் பாசம்தான். கடியோ எச்சில்பட்ட காயமோ இருந்தால், 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி.

பதினோரு மணித் தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் நியாயமாக யோசிக்க வராது. நமக்கு வசதியான காரணம்தான் முதலில் தோன்றும். அதனால் எந்த அறிகுறிக்கு எழுந்து ஓடுவோம் என்பதைப் பகலிலேயே முடிவு செய்து, ராத்திரியில் திறந்திருக்கும் கிளினிக்கின் நம்பரோடு எழுதி வைக்கலாம். வாய் பேசாத உயிருக்கு நாம் முன்கூட்டியே கொடுக்கும் வாக்கு அது.